பிள்ளையின் காலில் அடிபட்டால்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவமனைக்கு வரவேண்டுமா?

விடுமுறை நாட்களின் மாலை வேளைகளில் எங்கள் அவசரப் பிரிவில் இப்படியொரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு புறம், இரத்தம் தோய்ந்த துண்டால் கால் சுற்றப்பட்ட சிறுவன். அவனைச் சூழ்ந்து தாய், தந்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டார் எனக் கலங்கி நிற்கும் கூட்டம். மறுபுறம், பாட்டியின் மடியில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் ஒரு சிறுமி. அவள் குதிகாலில் சிறிய பிளாஸ்திரி ஒன்று மட்டுமே. துண்டை அவிழ்த்துக் கழுவிப் பார்த்தால் சிறுவனின் பெருவிரலில் அரை அங்குலக் கீறல். பத்து நிமிடங்களில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். சிறுமியின் பிளாஸ்திரியை நீக்கினால், மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே சிக்கி நசுங்கிய தோல். அவளை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பாதத்திற்கு இரத்த ஓட்டம் மிகுதி. விரலில் ஒரு சிறு வெட்டுக்கூடத் தரையெல்லாம் இரத்தமாக்கிவிடும். ஆகவே இரத்தத்தின் அளவைக் கொண்டு காயத்தின் கடுமையை மதிப்பிட முடியாது. காயத்தின் நீளத்தைக் கொண்டும் முடியாது. காலில் அடிபட்டது எப்படி, அடிபட்ட பிறகு பிள்ளை அந்தக் காலை எப்படிப் பயன்படுத்துகிறது ஆகிய இரண்டுமே நாங்கள் முதலில் கேட்பவை. இவ்விரண்டையும் வீட்டிலிருப்போரே எங்களைவிட நன்றாகக் கவனிக்க இயலும்.

எதற்கும் உடனே வந்துவிடுங்கள் என்று எழுதுவது எங்களுக்கு எளிது. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, மற்றொரு குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருவோர் பலர் என்பதை அறிவோம். தேவையற்ற அலைச்சலைத் தவிர்க்க வேண்டும். தேவையான பயணத்தை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இவ்விரண்டிற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதல் ஒரு மணி நேரம்

அழுகிற பிள்ளையை முதலில் மடியில் அமர்த்திக்கொள்ளுங்கள். "செருப்புப் போடாமல் ஓடாதே என்று எத்தனை முறை சொன்னேன்" என்னும் கண்டிப்பை அன்று மாலை வரை ஒத்திவையுங்கள். இதை நல்லொழுக்க உபதேசமாகக் கூறவில்லை. மருத்துவக் காரணம் இருக்கிறது. திட்டு வாங்கிய பிள்ளை, "வலிக்கவில்லை" என்று பொய் சொல்லும். ஆணியை மிதித்ததை மறைத்து, கல் குத்தியது என்று கூறும். பாட்டி தாத்தாவின் பொறுப்பில் இருந்தபோது நேர்ந்ததென்றால், பழி வருமோ என்னும் அச்சத்தில் பெரியவர்களும் நடந்ததைச் சுருக்கிச் சொல்வதுண்டு. எங்களுக்கு வேண்டியது யார்மீது தவறு என்பதன்று; என்ன குத்தியது, எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் கால் மடங்கியது என்பவையே.

காயத்தைக் குழாய் நீரின் கீழ் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை நன்றாகக் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த எந்த நீரும் போதும். சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்புப் போடலாம். பின்னர் சுத்தமான பருத்தித் துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, இடையில் எடுத்து எடுத்துப் பாராமல் பத்து நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். அதன் பிறகும் இரத்தம் நிற்கவில்லையெனில், அழுத்தியபடியே புறப்படுங்கள். மஞ்சள் தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை ஆகியவை காயத்தை மூடி மறைக்கின்றன; அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனை, அடிபட்டபோது பட்டதைவிட அதிகம்.

தோல் கிழியாமல் வீங்கியிருந்தால் காலைத் தலையணைமீது உயர்த்தி வையுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் ஒத்தடம் கொடுக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கலாகாது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். சுளுக்கு என்று எண்ணி நீவிய இடத்தில் எலும்பு முறிந்திருந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு நீவுதலும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டா.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். மருந்து கொடுத்தால் முறிவு மறைந்துவிடும், மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் அஞ்சிப் பிள்ளையை வலியோடு வைத்திருக்கின்றனர். அந்த அச்சத்திற்கு இடமில்லை. முறிந்த காலை, மருந்து கொடுத்த பின்னும் பிள்ளை நன்றாக ஊன்றாது. அளவு மட்டும் கவனம். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். இரு வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டா. கடைகளில் கிடைக்கும் சிரப்புகள் ஒரே வலிமை உடையவை அல்ல. 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதலாவதில் 7 மில்லிலிட்டர் என்றால், இரண்டாவதில் 3.5 மில்லிலிட்டரே. புட்டியின்மீது எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

எப்படி நேர்ந்தது?

இவ்வினாவுக்குரிய விடை சில வேளைகளில் போதுமானது. காலைப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

சக்கரக் கம்பிக் காயத்தை முதலில் சொல்கிறோம். ஏனெனில் ஏமாற்றுவதில் இதற்கு நிகரில்லை. மிதிவண்டியின் பின்னிருக்கையிலோ, இருசக்கர மோட்டார் வாகனத்திலோ அமர்ந்து செல்லும் குழந்தையின் கால், சுழலும் கம்பிகளுக்குள் நுழைந்து விடுகிறது. கம்பிக்கும் வண்டியின் சட்டத்திற்கும் இடையே குதிகாலும் கணுக்காலும் நசுங்குகின்றன. அன்று பார்த்தால் வெறும் சிராய்ப்பு. ஆனால் தோலுக்குக் கீழுள்ள சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கியிருப்பதால், இரண்டு மூன்று நாட்களில் அத்தோல் கறுத்து இறந்துபோகலாம். குதிகாலின் பின்புறத்தில் தோலுக்கு அடியில் சதை குறைவு. உடனே தசைநாண் இருக்கிறது. அங்கே தோல் போய்விட்டால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிய நிலையும் வரும். ஆகவே கம்பியில் சிக்கிய கால் எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் அன்றே காட்டப்பட வேண்டும். மூன்றாம் நாள் மீண்டும் பார்க்கப்பட வேண்டும்.

ஆணி குத்திய காயத்தின் ஏமாற்று வேறு வகை. மேலே ஒரு புள்ளி மட்டுமே தெரியும், இரத்தமும் வராது. வெறுங்காலில் குத்திய ஆணியைவிட, செருப்பையோ காலணியையோ துளைத்துக்கொண்டு சென்ற ஆணிக்கே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். செருப்பின் ரப்பர்த் துணுக்கையும் ஈரமான காலணிக்குள் வாழும் சூடோமோனாஸ் என்னும் கிருமியையும் அது உள்ளே கொண்டுசெல்லும். முதல் இரண்டு நாட்களில் வலி குறையும், எல்லோரும் மறந்துவிடுவர். ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம் கழித்துக் குறைந்த வலி மீண்டும் எழும். பிள்ளை பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கும். எலும்பு வரை கிருமி சென்றிருக்கக்கூடும் என்பதற்கு அது அறிகுறி. எனவே ஆணியைப் பிடுங்கியபின் அதன் நுனி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். செருப்பையும் பாருங்கள், துளையைச் சுற்றி ரப்பர் பெயர்ந்து வந்திருந்தால் அத்துணுக்கு காலுக்குள் இருக்கலாம்.

முள் குத்துவது நம் ஊர்ப்புறத்துப் பிள்ளைகளின் அன்றாட அனுபவம். மேலாகத் தைத்த முள்ளைச் சுத்தம் செய்த இடுக்கியால் எடுத்துவிடலாம், மருத்துவமனை தேவையில்லை. சீமைக் கருவேல முள் அப்படியன்று. அது நீளமானது, உறுதியானது. ஆழமாக இறங்கி உள்ளேயே நுனி முறிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பது வழக்கில் உள்ள சொல்தான். ஆனால் ஊக்கையும் முள்ளையும் கொண்டு அரை மணி நேரம் குடைந்த பாதங்களைக் காணும்போது எங்களுக்கு அந்த வழக்கின்மீதே மனத்தாங்கல் உண்டாகிறது. எருக்கம்பால் விட்டால் முள் வெளிவரும் என்று சிலர் விடுகின்றனர். தோல் வெந்து கொப்புளம் எழுவதே பெரும்பாலும் மிச்சம். அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிட்டால் கண்ணுக்கும் கேடு. முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றனர்" என்று கூறி வருவோரின் காலில், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால் முள் இருப்பது தெரிவதுண்டு. கண்ணாடித் துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். முள் குத்திச் சில வாரங்கள் கழித்து அருகிலுள்ள மூட்டு வீங்குவதும் வடிவதுமாக இருந்தால், அந்தப் பழைய முள்ளைப் பற்றி மருத்துவரிடம் நினைவூட்டத் தவறாதீர்கள். கேட்கப்படாவிட்டாலும் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருட்டில், புல்லில், வரப்பில், அல்லது தரையில் படுத்திருந்தபோது ஏதோ குத்தியது, என்னவென்று தெரியவில்லை என்றால், அதை முள் என்று முடிவுசெய்துவிட வேண்டா. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, இமை சரிதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குக் காத்திராமல், காலை அசைக்கவிடாமல் 108 ஊர்தியில் புறப்படுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டா.

அம்மிக் குழவி, அரவை இயந்திரத்தின் கல், எரிவாயு உருளை போன்ற கனமான பொருள் பாதத்தின்மீது விழுந்தால் வீக்கம் மணிக்கு மணி கூடும். மருந்துக்கும் அடங்காத வலி, விரல்களை மெல்ல மேலே வளைத்தாலே அலறுதல், பாதத்தின் மேற்புறம் இறுகிப் பளபளத்தல் ஆகியவை தோன்றினால் நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும். உள்ளே அழுத்தம் கூடித் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்படலாம். சில மணி நேரத் தாமதமே நிலையான ஊனத்தை விளைவிக்கும்.

நிலைப்படியில் விரலை இடித்துக்கொள்ளாத பிள்ளை இல்லை. நகத்தின் கீழ்ச் சிறிது இரத்தம் கட்டி நீலமாவது தானே சரியாகும். வலி கடுமையாயிருந்தால் மட்டும் அவ்விரத்தத்தை வெளியேற்றுவோம். ஆனால் பெருவிரலை இடித்தபின் நகத்தின் அடிப்பகுதியில், அதாவது நகம் தோலிலிருந்து புறப்படும் இடத்தில், இரத்தம் கசிந்தால் அதனை எளிதாக எண்ணாதீர்கள். அவ்விடத்துக்கு அடியிலேயே விரலெலும்பின் வளரும் பகுதி இருக்கிறது. அங்கே முறிவு ஏற்பட்டு, கசியும் வழியே கிருமி நுழைந்தால் எலும்பில் சீழ் பிடிக்கும்.

கால் ஊன்றுகிறதா?

பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. சிறு குழந்தைகளிடம் அவற்றின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி உண்டு. பெரியவர்களுக்குக் கணுக்கால் மடங்கினால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் கிழிகின்றன. அதையே சுளுக்கு என்கிறோம். பிள்ளைகளிடம் அந்நார்கள் வளர்ச்சித் தட்டைவிட உறுதியானவை. ஆகவே அதே மடங்கலில் நார் தப்பி, தட்டு பிளக்கலாம். "இதே போல எனக்கும் மடங்கியது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது" என்று தந்தை தம் அனுபவத்தைக் கொண்டு மகனின் காலை அளப்பது அதனால்தான் பிழையாகிறது.

எனினும், மடங்கிய கால் அனைத்திற்கும் எக்ஸ்ரே தேவையில்லை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறை ஒன்று இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அது பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டதாயினும், ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் பயன்படுவதாகப் பின்னர் சோதித்து அறியப்பட்டது. அதன் சாரத்தை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் ஓய்வுக்குப் பின், பிள்ளையை நடக்கச் சொல்லுங்கள். நொண்டியபடியேனும், யாரையும் பிடிக்காமல் நான்கு அடி வைக்கிறதா? பின்னர் மெல்ல அழுத்திப் பாருங்கள்: கணுக்காலின் இருபுறமும் புடைத்துள்ள எலும்புகளின் பின்விளிம்பும் நுனியும், பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே தட்டுப்படும் மேடு, உள்ளோரத்தில், வளைவின் உச்சியில் உள்ள எலும்பு. நான்கு அடி வைக்க இயலாவிட்டாலும், இவ்விடங்களில் எலும்பை அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே தேவைப்படலாம். அன்றோ மறுநாளோ வாருங்கள். நடக்கிறது, எலும்பின்மீது வலியில்லை, கணுக்காலுக்கு முன்புறச் சதைப்பகுதியில் மட்டும் வீக்கம் என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அழுத்திப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அடிபடாத காலைத் தொடுங்கள். பிள்ளைக்கு அச்சம் தெளியும். உங்கள் விரலுக்கும் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் கால் முழுவதையும் காட்டும் பிள்ளை, "ஒரே ஒரு விரலால் காட்டு" என்றால் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இவை செல்லா. அங்கே விளையாட்டே சோதனை. விருப்பமான பொம்மையை நான்கடி தள்ளி வைத்துப் பாருங்கள். எழுந்து நடக்காமல் தவழ்ந்து சென்று எடுத்தால், வலி முழங்காலுக்குக் கீழே இருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம், சிறு தடுமாற்றத்திலேயே கீழ்க்கால் எலும்பு முறுக்கிக்கொண்டு மெல்லிய கீறலாக முறிவதுண்டு. பூங்காவின் சறுக்குமரத்தில் பெற்றோரின் மடியில் அமர்ந்து சறுக்கும்போது குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டி இம்முறிவு ஏற்படுவது எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்தது. பாதுகாப்புக்காக மடியில் வைத்ததே காரணமாகிவிடுகிறது. பெரியவரின் எடை சேர்ந்து இழுப்பதால் கால் முறுக்குகிறது. தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் மாட்டினால் அது தானே நின்றுவிடும். இம்முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பத்து நாட்கள் கழித்து எடுத்தால், புதிய எலும்பு படிவதைக் கொண்டு தெரியும். "எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, ஆயினும் மாவுக்கட்டுப் போடுவோம்" என்று நாங்கள் கூறும்போது அதன் காரணம் இதுவே. நடக்கவே தொடங்காத கைக்குழந்தையின் காலில் வீக்கமோ அசைவின்மையோ கண்டால், காரணம் தெரியாவிட்டாலும் அன்றே கொண்டுவாருங்கள்.

எக்ஸ்ரேயின் கதிர்வீச்சைப் பற்றிப் பல தாய்மார் கேட்கின்றனர். பாதத்தை எடுக்கும் ஒரு எக்ஸ்ரேயில் கிடைப்பது, நாம் ஒவ்வொருவரும் இயற்கையிலிருந்து ஒரு நாளில் பெறும் கதிர்வீச்சைவிடக் குறைவு. தேவைப்படும்போது அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை.

கட்டைப் பற்றி ஒரு சொல். பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவோரிடம் முதலில் சென்றுவிட்டு வருவோர் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை, நாங்கள் கடிந்துகொள்ளப் போவதுமில்லை. ஆனால் கட்டு யார் போட்டதாயினும், எங்கள் மாவுக்கட்டே ஆயினும், விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிகளில் மீண்டும் சிவக்க வேண்டும். விரல்கள் குளிர்ந்தோ, நீலமாகவோ, மரத்தோ போனால், கட்டை உடனே தளர்த்திவிட்டு எந்நேரமாயினும் வாருங்கள். காலையில் வரலாம் என்று காத்திருந்ததால் விரல்களை இழந்த பிள்ளைகளும் உண்டு.

மறுநாள் காலை

வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தால், மறுநாள் காலை படுக்கையிலிருந்து பிள்ளை இறங்குவதைக் கவனியுங்கள். முந்தைய இரவைவிடச் சற்றேனும் நன்றாக ஊன்றினால் சரியான திசையில் செல்கிறது. அதே நிலையெனில் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம். மோசமாகியிருந்தால் காத்திருக்க வேண்டா. சிறிய காயம் நாள்தோறும் குறைந்துகொண்டே வரும். குறைந்தது மீண்டும் கூடுவதே எங்களைத் திடுக்கிட வைப்பது. காயத்தைச் சுற்றிய சிவப்பு பரவுகிறதா என்பதை அறிய, பேனாவால் அதன் எல்லையைக் கோடிட்டு வையுங்கள்; சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் வாருங்கள். சீழ், துர்நாற்றம், தொடையிடுக்கில் வலியுடன் நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவையும் அவ்வாறே. முன்பு வாங்கி மீந்துபோன ஆன்டிபயாடிக் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்; அது கிருமியை ஒழிக்காமல் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடும்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஓடியாடும் பிள்ளை நாள்தோறும் எங்காவது விழத்தான் செய்யும். ஆகவே அது நொண்டினால், தேடினால் ஒரு விழுதல் கிடைத்துவிடும். "முந்தாநாள் பள்ளியில் விழுந்தானாம்" என்று அக்காரணத்தைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்து நான்கு நாட்கள் கழித்துக் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது அடியன்று. மூட்டுக்குள்ளோ எலும்புக்குள்ளோ கிருமித் தொற்று. மூட்டில் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். பின்பு அது திரும்ப வளராது. எனவே நொண்டலும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், விழுந்ததைக் கண்ணால் கண்டிருந்தாலும், அன்றே வாருங்கள். அதுபோலவே, அடி ஆறியிருக்க வேண்டிய காலம் கடந்தும் இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமின்றி உடலில் தோன்றும் நீலத் திட்டுகள், வெளிறிய முகம் ஆகியவற்றோடு நொண்டல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

தடுப்பூசியைப் பற்றி

"டி.டி. ஊசி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல். அவ்வூசி டெட்டனஸ் என்னும் இரணஜன்னியைத் தடுக்கும். சீழ் பிடிப்பதைத் தடுக்காது. துருவிலிருந்தே ஜன்னி வருகிறது என்ற எண்ணமும் சரியன்று. அக்கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. துருப்பிடிக்காத ஆணியும், முள்ளும், கல்லும்கூட அவற்றை உள்ளே கொண்டுசெல்லும். காயம் பட்டபோதெல்லாம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை போட வேண்டும் என்பதும் தவறு. அரசின் அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதிலும், பின்பு 10 மற்றும் 16 வயதிலும் இத்தடுப்பூசி அடங்கிய ஊசிகள் போடப்படுகின்றன. இவை முறையாகப் போடப்பட்ட பிள்ளைக்கு, அழுக்கான அல்லது ஆழமான காயமெனில் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மட்டும் மற்றொன்று தேவை; சுத்தமான சிறு காயமெனில் பத்து ஆண்டுகள். பத்து வயதில் போடவேண்டிய ஊசி விடுபட்டுப்போவதை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். இப்பக்கத்தைப் படித்து முடித்ததும் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

வரும்போது

தடுப்பூசி அட்டையையும், குத்திய ஆணி அல்லது முள்ளின் மிச்சத்தையும், அணிந்திருந்த செருப்பையும் எடுத்துவாருங்கள். செருப்பைத் தூக்கி வருவதற்குக் கூச்சப்பட வேண்டா. துளையை நாங்களும் பார்க்க வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடியையோ கம்பியையோ பிடுங்காமல், அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அழைத்துவாருங்கள். கால் கோணியிருந்தால் நேராக்க முயலாதீர்கள். இருக்கும் நிலையிலேயே தலையணையைச் சுற்றிக் கட்டினால் போதும். எலும்பு வெளியே தெரிந்தாலோ, கால் கோணியிருந்தாலோ, காயம் அகன்று விரிந்திருந்தாலோ மயக்க மருந்து தேவைப்படலாம். அழுகையை நிறுத்த வழியில் பிஸ்கட்டும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டால், வயிறு காலியாகும் வரை பல மணி நேரம் காத்திருக்க நேரும். பிள்ளை கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்பதை உடன் வருவோரில் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் செவிலியர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.